இன்னிக்கு இன்னா படிச்சே?

மகனுக்கு மூன்றாம் ஆண்டுக் கட்டணம் கட்ட அடையாறில் அவன் படிக்கும் கல்லூரிக்குப் போயிருந்தேன். இந்த வருடமும் ஏற்றியிருந்தார்கள். கட்டிவிட்டு வெளியே வந்தபோதுதான் வாசலில் அந்த அம்மாவைப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, தூக்கிச் செருகிய புடவை, காலடியில் காலி மீன்கூடை. வெளியே வரும் மாணவர்களை நிறுத்தி, "இன்னிக்கு இன்னா கண்ணு படிச்சே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் பாடத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

"எதுக்கும்மா கேக்கறீங்க?" என்றேன்.

"எம் பொண்ண இங்க சேக்கணும் சார். இம்மாந் துட்டு கேக்கறாங்களே, இன்னா சொல்லித் தராங்கன்னு பாக்க வேணாவா? மூணு நாளா வந்துகினு கீறேன்."

அப்போது ஒரு மாணவி நின்றாள். பாலம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்று நோட்டில் வரைந்து காட்டினாள். அந்த அம்மா விடவில்லை.

"நடுத்தூணு இல்லாங்காட்டி?"

கேள்விக்கு மேல் கேள்வி. மாணவிக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. வந்த பஸ்ஸைக்கூட விட்டுவிட்டாள்.

"இத்த சொல்லிக் குடுத்த டீச்சர் மொத வருசத்துக்கும் சொல்லித் தராங்களா?"

மாணவி தலையசைத்தாள்.

"அப்ப கட்டலாம்" என்று கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

ரசீதும் கையுமாக, அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடத்தில் என் மகனிடம் நான் ஒரு நாளும் இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டதில்லை.