விண்ணரசி கேட்க மறந்த கேள்வி

கையில் செங்கல் துண்டு, இடுப்பில் செருகிய முந்தானை, தலையில் கழற்ற மறந்த ஹெல்மெட். கூட்டித் தள்ளிய சிமென்ட் களத்தில் குந்தி உட்கார்ந்து, ஆள் நீளத்துக்குக் கட்டங்கள் வரைந்துகொண்டிருந்தார் டாக்டர் விண்ணரசி. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு நடவுப் பெண்கள்.

"ஹெல்மெட்ட கழட்டுங்கம்மா, பாக்கவே பயமா இருக்கு."

"இருக்கட்டும், வெயிலுக்கு நல்லது" என்றார். மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வராது. ஐம்பத்திரண்டு வயதாகியும் சின்னத் தப்பை ஒப்புக்கொள்வதென்றால் அவருக்கு வேப்பங்காய்.

திருக்காட்டுப்பள்ளிக்காரர். வேளாண் ஆராய்ச்சி நிலையமொன்றில் விஞ்ஞானி. எந்தக் கட்டுரையையும் கருத்தரங்கில் படிக்குமுன், விவரம் தந்த ஊருக்கே போய்ப் படித்துக் காட்டிவிடுவார். கணினியில் வண்ணவண்ணமாய் இருக்கும் வரைபடம் இங்கே செங்கல் தூளில் எழும். கூடவே ஒரு பை முறுக்கு. "தப்பு இருந்தா இப்பவே சொல்லிருங்க. அங்க போயி மாட்டுனா மானம் போயிரும்" என்பார். சக விஞ்ஞானிகள் இதற்குக் 'களத்துமேட்டுக் கருத்தரங்கு' என்று பெயர் வைத்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், முறுக்கு அவர்களுக்குக் கிடையாது.

இந்த முறை கட்டுரை கொரோனா ஊரடங்குக் காலக் குறுவை நெல் நடவு பற்றியது. பதினொரு ஊர், நானூறு பெண்கள். நடவுப் பருவத்தில் பெண்கள் சராசரியாக முப்பத்தொரு நாள் வேலையின்றி இருந்தார்கள், அந்த இடத்தை நடவு இயந்திரம் நிரப்பியது என்பது முடிவு. நான்கு நாளில் தஞ்சாவூரில் மாநாடு. கட்டுரைச் சுருக்கம் மாநாட்டுப் புத்தகத்தில் அச்சாகியே வந்துவிட்டது. இத்தனை வருட உழைப்பில் அவருக்கு இதுதான் பெரிய மேடை.

உயரமான கட்டத்தைத் தட்டிக்காட்டி, "இது நீங்க சும்மா இருந்த நாளு" என்றார்.

ஞானாம்பாள் கடித்த முறுக்கைக் கீழே வைத்தாள். மூன்று மா குத்தகை நிலம் வைத்திருப்பவள், நடவு செட்டுக்கு அவள்தான் தலைவி.

"யாரு சும்மா இருந்தா?"

"நீங்கதான சொன்னீங்க, கூலிக்கு ஒருநாளும் போகலன்னு."

"கூலிக்குப் போகலதான். வேன் ஏது, போலீசு விட்டாத்தான? அதுக்காக வயல தரிசாப் போட்டுருவமா? அவ வயலுக்கு நான், என் வயலுக்கு அவ. எல்லாம் மாத்தாளு. இருவத்தாறு நாளு இடுப்பொடிய நட்டுருக்கேன், சும்மா இருந்தேன்னு கட்டம் போட்டுருக்கீங்க! அத நீங்க கேக்கவே இல்லியேம்மா."

விண்ணரசிக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியூர் விஞ்ஞானி தவறவிட்டிருந்தால் போகட்டும் எனலாம். இவரோ, தன் அம்மா மாற்றாளாய்ப் போன வயல்களின் வரப்பில் வளர்ந்தவர். சோறு தின்பதைப் போல வீட்டில் தினம் நடந்த காரியம், ஆய்வில் கேட்கவேண்டிய கேள்வியாக அவருக்குத் தோன்றவே இல்லை. "அட ஆண்டவரே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். கை ஹெல்மெட்டில் பட்டது. பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீரோடு.

அப்புறம் மூன்று நாள் அவருக்குச் சோறு தண்ணி இல்லை. ஸ்கூட்டரில் ஐந்து ஊர், போனில் ஆறு ஊர். "கூலியில்லாம நட்டது எத்தன நாளு?" கேட்கக் கேட்க எண் சரிந்தது. முப்பத்தொன்று ஒன்பதில் வந்து நின்றது; மீதி இருபத்திரண்டும் கூலியில்லாமல் நட்ட நாட்கள். இயந்திரம் நட்டதும் உண்மைதான், ஆனால் பெரிய பண்ணைகளில். சின்ன வயல்களை நட்டது இந்தக் கைகள்தான்.

மாநாட்டில் நடவு இயந்திரம் பற்றி அவருக்கு அடுத்துப் பேச இருந்தவர் அரவிந்தன், இளம் விஞ்ஞானி. சேதி கேட்டதும் பதறிப்போனார்.

"மேடம், என் பேப்பரே உங்க கணக்கு மேலதான் நிக்குது."

"அப்ப சேந்தே விழுவோம், வாங்க. பெரிய பண்ணைக்கு நீங்க சொல்றது சரிதான், அத மட்டும் சொல்லுங்க."

சொல்லாமல் விட்டிருந்தால் ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காது. மேடையேறி முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்தார்: "புத்தகத்துல இருக்குற என் எண் தப்பு." தலைமை வகித்த பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அப்போ உங்க விவரத்தை எப்படி நம்புறது?"

"இப்ப நம்பலாம் சார். கேள்விய திருத்தியாச்சு."

கைதட்டல் சுமார்தான். அரவிந்தனுக்குத்தான் நிறையக் கேள்விகள் வந்தன. விண்ணரசிக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மனசு லேசாகி, வெளியே பதிவு மேசையில் அடுக்கியிருந்த புத்தகங்களை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பத்திரண்டாம் பக்கம். 'வேலையின்றி இருந்தனர்' என்பதை அடித்து, மேலே 'கூலியின்றி நட்டனர்' என்று எழுதினார். எண்ணையும் இருபத்திரண்டு என்று மாற்றினார். அடுத்த புத்தகம்.

"சாப்பாடு ஆறுது மேடம்" என்றார் அரவிந்தன்.

"ஆறட்டும்."

வாசலில் பேராசிரியரின் கார் உறுமியது. அவர் கக்கத்தில் ஒரு புத்தகம். விண்ணரசி பேனாவோடு எழுந்து ஓடினார். "ஒரு நிமிஷம் சார்!" அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் புத்தகத்தை உருவி, காரின் சுடுகிற பானட்டில் விரித்து, நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் தேடத் தொடங்கினார்.