காலி டைரக்டரி

எனக்குக் கை சும்மா இருக்காது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில்கூட டிக்கெட்டின் பின்பக்கம் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருப்பேன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பில் இருந்த காலம் அது. ஏதோ ஒரு கம்பெனி வேண்டாமென்று கழித்த பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் எங்களுக்கு இலவசமாக வந்தன. அவற்றில் ஓடிய இயங்குதளம் லினக்ஸ் இல்லை, வேறொரு யூனிக்ஸ். பாடத்துக்கு வேண்டிய மென்பொருளை ஒரே கட்டளையில் நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜர் லினக்ஸில்தான் ஓடும், இதில் ஓடாது.

“பிராக்டிகல் பரீட்சைக்குள்ள ரெடியாகலன்னா பழைய இரும்புக்குப் போட்ருவேன்” என்றார் பிரின்சிபால். அந்த பேக்கேஜ் மேனேஜரையே இந்த யூனிக்ஸுக்கு ஏற்ப மாற்றி எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

இரண்டு மாதம் அதே பைத்தியம். ஒரு பிழையைத் திருத்தினால் நாலு பிழை எழுந்து நிற்கும். எழுதியது கம்பைல் ஆகி ஓடும் நிலைக்கு வரவே அரை நாள் போய்விடும் என்பதால் கம்ப்யூட்டர்களை நிறுத்துவதே இல்லை. ‘யாரும் அணைக்கக் கூடாது’ என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எல்லாம் ஓடியது. மென்பொருளை நிறுவியது, நீக்கியது, நீக்கும்போது காலியாகக் கிடந்த டைரக்டரிகளையும், அதாவது கோப்புறைகளையும், சேர்த்துத் துடைத்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் பன்னிரண்டிலும் ஏற்றி, நிறுவியும் நீக்கியும் பார்த்தேன்.

பூஜைக்கு முதல்நாள் வகுப்பு முடிந்து வந்தால் லேபில் ஒரு விசிறிச் சத்தம்கூட இல்லை. லேப் அசிஸ்டென்ட் எல்லாவற்றையும் அணைத்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“சீட்டு ஒட்டியிருந்தேனே, பாக்கலியா?”

“பாத்தேன் மேடம். ஓடிக்கினு இருக்கற மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாதுங்க.”

கத்திவிட்டேன். அவர் நீட்டிய பொரிப் பொட்டலத்தை வாங்காமல் பஸ் ஏறினேன்.

வழியில் கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோதுதான் உறைத்தது. அணைத்த மெஷினை மறுபடி போட்டால், அந்த யூனிக்ஸ் எழும்போது ஒரு காலி டைரக்டரியைத் தேடும். அது இல்லாவிட்டால் எழாது. ஓடிக்கொண்டிருக்கும்வரை அது இல்லாததே தெரியாது. காலியாக இருந்தால் துடை என்றுதான் என் நிரலுக்குச் சொல்லியிருந்தேன். அது யாருக்கு வேண்டியது என்று கேட்கச் சொல்லவில்லை.

இறங்கி எதிர் பஸ் பிடித்துத் திரும்பி ஓடினேன். லேப் பூட்டியிருந்தது, ஆபீசும்தான். விடுமுறை முழுக்க வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். “பேஜாரு பண்ணாத, கொஞ்சம் உக்காரு” என்றார் வீட்டுக்காரர். எங்கே உட்கார?

கல்லூரி திறந்த அன்று லேப் அசிஸ்டென்ட் கற்பூரம் காட்டிவிட்டு முதல் கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினார். எழவில்லை. பன்னிரண்டும் எழவில்லை. பிரின்சிபால் வாசலில் வந்து நின்றார். சி.டி. போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து, போன டைரக்டரியை நான் மறுபடி உண்டாக்கிக்கொண்டிருந்தபோது அசிஸ்டென்ட் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“தண்ணி கிண்ணி உள்ள எறங்கிருச்சுங்களா மேடம்?”

“இல்லை, என் தப்பு” என்று சொல்லியிருக்க வேண்டும். பிரின்சிபால் கேட்டுக்கொண்டிருந்தார். “சரி பண்ணிடலாம்” என்று மட்டும் சொன்னேன். மதியத்துக்குள் எல்லாம் எழுந்தன. சாயங்காலத்துக்குள் நிரலையும் திருத்திவிட்டேன்.

பரீட்சை அன்று பாதியில் கரண்ட் போனது. யுபிஎஸ் இரண்டு தரம் கத்திவிட்டு ஓய்ந்தது. பன்னிரண்டு திரையும் கறுத்தன. ஜெனரேட்டர் வந்ததும் ஒன்றுவிடாமல் எழுந்தன. அசிஸ்டென்ட் மட்டும் பூஜைக்காக அணைத்திராவிட்டால் இன்றைக்குத்தான் அந்தக் கூத்து நடந்திருக்கும், பிள்ளைகள் எதிரில்.

பரீட்சை முடிந்ததும் அவரிடம் போனேன். “அண்ணே, அன்னிக்கு மெஷின் எழாதது உங்களால இல்ல. நான் எழுதுனதுல தப்பு.”



“அப்படிங்களா மேடம்? நான் அன்னியிலேர்ந்து ஒரு மெஷினையும் கையால தொடலீங்க.”