செங்கல் சபை, கான்கிரீட் சபை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டீச்சர், பழைய வரைபடம் ஒன்றைத் தலையணை உறைக்குள் சுருட்டிப் போட்டு, ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த இடத்துக்குக் கொண்டுவந்தார்.
2. அந்தப் படத்தில் ஊர்கள் வட்டங்களாக இருந்தன. ஒவ்வொரு வட்டமும், அந்த ஊரில் எந்தப் புராட்டஸ்டன்ட் சபைக்கு எவ்வளவு பேர் என்று காட்டும்படி, வண்ணத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது.
3. எங்கள் பிரின்ட் மெஷினில் வண்ணம் வராது. ஆகவே வண்ணத்துக்குப் பதிலாகக் கோடுகளும் புள்ளிகளும் போட்டுக் கொடுத்தேன்.
4. கல்லறைத் தோட்டக் கமிட்டியில் ஒருவருக்கு அந்தக் கோடுகளை வாசிக்கத் தெரிந்திருந்தது.
5. சண்டை வந்தது.
6. சுவர் எழும்பியது.

இதில் நாலாவதிலிருந்து ஆறாவதற்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஓர் என்ஜினியரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீட்டு பிளான், முனிசிபாலிட்டி அனுமதிக்கான பிளான், மில் ஷெட் பிளான். டிரேசிங் பேப்பரில் கறுப்பு மையால் வரைவது என் வேலை. பிறகு அதை அம்மோனியா மெஷினில் விட்டு நகல் எடுப்போம். அறை முழுக்க நெடி, கண் எரியும். வெளியே வரும் நகல், மூலம் எப்படி இருந்தாலும், நீலமாகத்தான் இருக்கும்.

டீச்சர் உறையிலிருந்து படத்தை எடுத்து என் மேசையில் விரித்தார். பின்பக்கம் துணி ஒட்டிய கெட்டிக் காகிதம். எங்கோ ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது அலமாரிக்குப் பின்னால் கிடந்ததாம். அவருக்குத் தெரிந்த ஒரு பாதிரியார் இரவல் தந்திருந்தார். அச்சிட்ட வருடம் இருக்க வேண்டிய மூலை கிழிந்துபோயிருந்தது.

"இத நகல் எடுக்கணும்மா. பெருசா வேணும். சுவத்துல மாட்டுனா கடைசி பெஞ்சுக்கும் தெரியணும்."

நான் முதலில் பார்த்தது ஓரத்தில் இருந்த விளக்கப் பட்டியலை. ரோஸ் நிறம் இங்கிலாந்து சபை. பச்சை அமெரிக்க மிஷன். மஞ்சள் லுத்தரன். நீலம் முழுக்கு ஞானஸ்நானக்காரர்கள். எனக்கு எல்லாமே புதுச் செய்தி. எங்கள் வீட்டில் கிறிஸ்தவக் கோயில் என்றால் இரண்டே வகை: மாதா உள்ளது, மாதா இல்லாதது. மாதா இல்லாததற்குள் இத்தனை பிரிவு இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

வட்டங்களின் அளவு எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. ஆட்கள் இரண்டு மடங்கானால் வட்டத்தின் குறுக்களவையும் இரண்டு மடங்காக்கிவிடுவது பலரும் செய்வது. அப்படிச் செய்தால் பரப்பு நாலு மடங்காகிப் பொய் சொல்லும். டிவைடரை எடுத்து, மூலையில் இருந்த அளவு வட்டங்களை அளந்து பார்த்தேன். பரப்புதான் சரியாகப் பெருகியிருந்தது. வரைந்தவர் யாரோ, வேலை தெரிந்தவர். அவர் இந்தப் பக்கம் வந்திருப்பாரா, அல்லது கடலுக்கு அப்பால் உட்கார்ந்து, வந்த கணக்குகளை வைத்து வரைந்தாரா? தலைகளை எண்ணியது யார்? தேவதானம் என்ற ஊருக்கு ஒரு புள்ளி இருந்தது, வட்டம் இல்லை. ராஜபாளையத்துக்கு ஒரு கடுகு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு புளியங்கொட்டை அளவு, அதற்குள் நாலு துண்டு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஓர் ஓடைக்கு இந்தப் பக்கம் எல்லா வட்டமும் ரோஸ், அந்தப் பக்கம் எல்லாம் பச்சை. ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல் இருந்தது.

"இது எப்படி டீச்சர்?"

"வெள்ளக்காரக அவுகளுக்குள்ள பேசிப் பிரிச்சுக்கிட்டாக. ஓடை வரைக்கும் நீ, அதுக்கு அங்கிட்டு நான்னு. ஓடைக்கு எந்தப் பக்கம் பொறக்கமோ, அந்தச் சபை."

"பஸ் ரூட் மாதிரி."

"அதேதான். பெர்மிட்டு."

பின்னாளில் இவற்றில் சில சபைகள் சட்டப்படி ஒன்றாகிவிட்டன என்றும், ஆனாலும் பேச்சில் ஆட்கள் பழைய பெயரையே சொல்வார்கள் என்றும் சொன்னார்.

இரண்டாம் தடவை வந்தபோது கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மில்லில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாடிப்படியை ஏறி வந்ததும் பேச முடியாமல் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சு திரும்பியதும் முதல் வேலையாக மனைவியைக் கிண்டல் செய்தார்.

"ஞானஸ்நானத்துக்கு இவ சபைல தண்ணியத் தெளிப்பாக. எங்க சபைல முங்கி எந்திரிக்கணும். கல்யாணமாயி இம்புட்டு வருசமாச்சு, இன்னமும் என்னைய நனஞ்ச ஆளுன்னுதான் சொல்லுதா."

"ஆமா, இவிய மட்டும் என்னவாம். நான் காஞ்ச ஆளாம்."

எனக்கு ஒரு கணக்குச் சந்தேகம். "உங்க வீட்ட இந்தப் படத்துல எப்படிக் காட்டியிருப்பாங்க? ஆளுக்கு ஒரு துண்டா? பிள்ளைங்க எந்தத் துண்டு?"

"மக மெட்ராசுல இருக்கா," என்றார் டீச்சர். "கைதட்டுத சபைக்குப் போறா. அது இந்தப் படத்துலயே கெடையாது."

நகல் எதற்கு என்பது அன்றுதான் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கல்லறைத் தோட்டம் டீச்சரின் சபையான இங்கிலாந்து சபைக்குச் சொந்தம். அவர் அப்பாவும் அம்மாவும் அங்கே மேற்குப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்கு அருகில் டீச்சருக்கு இடம் நிச்சயம். கணவரின் சபைக்கு நிலம் இல்லை. அந்தச் சபையில் யாராவது இறந்தால், வன்னியம்பட்டிப் பக்கம் ஒருவருடைய தரிசில் கொண்டுபோய் வைப்பார்கள்.

"நான் இங்க, இவிய அங்க. பஸ் பிடிச்சா போயிப் பாக்க முடியும்?"

"செத்த பொறவாவது கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்னு பாத்தேன்," என்றார் கணவர்.

டீச்சர் சிரிக்கவில்லை. மற்ற சபைக்காரர்களுக்கும் தோட்டத்தில் இடம் கேட்டுக் கமிட்டியிடம் மனு கொடுத்திருந்தார். பாதிரியாருக்குச் சம்மதம். கமிட்டியில் மறுப்பு. ஒருவரை விட்டால் எல்லாரும் வருவார்கள், இடம் போதாது என்பது அவர்கள் வாதம். இந்த ஊரில் எல்லாச் சபையும் சேர்ந்தாலே எவ்வளவு கொஞ்சம் பேர் என்று கண்ணால் பார்த்தால் மனம் மாறுவார்கள் என்று டீச்சர் நம்பினார்.

வண்ணத்துக்கு என்ன செய்வது என்று என் என்ஜினியர் சாரிடம் கேட்டேன். ஒரு மில் ஷெட் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஹேட்ச் போடும்மா. அதுக்குத்தானே படிச்ச," என்றார்.

பிளான்களில் இடம் நிரப்பப் போட்டுப் போட்டுக் கை பழகிய ஹேட்ச்களையே எடுத்துக்கொண்டேன். இங்கிலாந்து சபைக்கு நெருக்கமான சாய்கோடுகள். அமெரிக்க மிஷனுக்குப் புள்ளிகளும் நடுநடுவே சிறு முக்கோணங்களும். லுத்தரனுக்கு ஒழுங்கில்லாத கட்டங்கள். முழுக்கு சபையின் துண்டு மிக ஒல்லி. மூலப்படத்தில் என் பேனாக் கோட்டின் தடிமன்கூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தை மட்டும் தனியாக ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கி ஓரத்தில் வரைந்தேன். அப்போதும் அந்தத் துண்டுக்குள் மும்மூன்று சிறு கீற்றுகள்தான் கொள்ளும். அதையே போட்டேன். டீச்சர் பார்த்துவிட்டு, "பாய் பின்னுன மாதிரி அழகா இருக்கும்மா," என்றார். யாராவது கேள்வி கேட்டால் விளக்கம் சொல்ல நானும் வர வேண்டும் என்று சாரிடம் அனுமதி கேட்டார்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட அறை. கரும்பலகை மேல் என் நகலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கணவரின் சபையிலிருந்து சில ஆண்கள் வந்திருந்தார்கள். பெஞ்சில் இடம் இருந்தும் வாசலிலேயே நின்றார்கள். டீச்சர் குச்சியால் வட்டத்தைத் தொட்டு, "நம்ம ஊரு எம்புட்டுன்னு பாருங்க," என்று தொடங்கினார்.

கமிட்டியில் ஒரு பில்டிங் கான்ட்ராக்டர் இருந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். எங்கள் அலுவலகத்துக்கும் பிளானைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வருபவர்தான். எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்துக்கு மிக அருகில் போனார்.

"இது செங்கலு," என்றார். "இது கான்கிரீட்டு. இது கருங்கல் கட்டு." பிளானில் அந்தந்தச் சாமானுக்கு நாங்கள் போடும் கோடுகள்தான் அவை. என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அமெரிக்கக்காரவுகளுக்கு கான்கிரீட்டு, எங்களுக்கு மட்டும் செங்கலா?"

அறை சிரித்தது. யாரோ, "செங்கலுக்கு என்ன கொறச்சல் அண்ணாச்சி, நம்ம கோயிலே செங்கலுதான?" என்றார். இன்னொருவர், "அதான் ஒழுகுது," என்றார்.

"எங்களுக்கு என்ன போட்டிருக்கு?" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

கான்ட்ராக்டர் குனிந்து பார்த்தார். "மண்ணு."

"என்னது?"

"மண்ணுப்பா. நெரப்பு மண்ணு."

வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். "கூப்புட்டு வச்சு மண்ணுங்கீகளா?" என்று ஒருவர் கத்தினார். நான் எழுந்து, அது அடையாளம் மட்டும்தான், பொருள் ஒன்றும் இல்லை என்றேன்.

"பொருள் இல்லாமலா நான் இத்தன வருசம் பிளான் பாத்து வீடு கட்டுனேன்?" என்றார் கான்ட்ராக்டர்.

"வேணும்னா கலர் பூசித் தர்றேன் சார். உங்களுக்குச் சிவப்பு..."

"பிளான்ல செவப்பு இனிமேக் கட்டப் போறதுக்குப் போடுதது. நாங்க இருக்கதுலயே பழசு."

"மஞ்சள்?"

"மஞ்சளு இடிக்கதுக்குப் போடுதது. யாருக்குப் பூசப் போற?"

யாரும் மஞ்சளுக்கு முன்வரவில்லை. பாதிரியார் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். டீச்சர் குச்சியை இரண்டு கையாலும் பிடித்தபடி, வட்டத்தைப் பார்க்காமல் கணவரைப் பார்த்தார். அவர் பெஞ்சைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்துகொண்டிருந்தார்.

"நாங்க மண்ணுதான் அண்ணாச்சி, இருந்துட்டுப் போறோம்," என்றார். "தோட்டத்துக்குக் கெழக்குச் சுவரு கட்டுனீகளே, அது எதுல கட்டுனீக?"

அந்தச் சுவர் முந்தின மழையில் விழுந்திருந்தது. கட்டியவர் கான்ட்ராக்டர்தான்.

"அது தரை இளக்கம்யா. என் வேலைல கொறையில்ல."

"இருக்கட்டும். ஆடு உள்ள வந்து மேயுது. உங்க அய்யா மேலயும்தான் மேயுது, நான் பாத்தேன்."

அதன் பிறகு பேச்சு எங்கே போனது என்பதுதான் எனக்கு இன்றும் வேடிக்கை. சற்றுமுன் கத்திய அதே ஆள், "அஸ்திவாரம் ஆழம் பத்தல. நான் அன்னைக்கே பாத்துட்டுச் சொன்னேன்," என்றார். அவர் கொத்தனார். வாசலில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் கொத்தனார்கள். கான்ட்ராக்டர், "எம்புட்டு ஆழம் தோண்டணும்ங்கீக?" என்று கேட்டார், சவால் விடுவதுபோல. கொத்தனார் கையால் காட்டினார். இன்னொருவர் கருங்கல் போட்டால்தான் நிற்கும் என்றார். என் நகலை அவிழ்த்து, மேசையில் குப்புறப் போட்டு, அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் பென்சிலால் சுவரை வரைந்தார்கள். நானும் அளவு சொன்னேன். முங்குவதா தெளிப்பதா என்ற பேச்சே அதன் பிறகு எழவில்லை. படத்தையும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஊரில் எத்தனை பேர் என்ற டீச்சரின் வாதம் கேட்கப்படவே இல்லை.

முடிவு இப்படி: சாமான் கமிட்டி தரும். வேலையை முழுக்கு சபைக் கொத்தனார்கள் கூலியில்லாமல் செய்வார்கள். சுவரை ஒட்டி, கிழக்கு ஓரத்து வரிசை அவர்கள் சபைக்கு.

டீச்சர் அப்போதுதான் பேசினார். "எங்க அய்யா அம்மா மேக்க இருக்காக. பரவாயில்ல. நானும் கெழக்க வாரேன். எழுதிக்கிடுங்க."

"அது எப்படி டீச்சர்?" என்றார் கான்ட்ராக்டர். "அந்த வரிச அவுக சபைக்குன்னுல்ல பேசியிருக்கு. நீங்க நம்ம சபை."

"அதுக்காக இந்த வயசுல போயி முங்கச் சொல்லுதீகளா?"

"வேண்டாம்ட்டி," என்றார் கணவர். "சளி பிடிக்கும்."

அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

சுவருக்கான பிளானை நான்தான் வரைந்தேன். இந்த முறை ஹேட்ச் போட்டதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. பழைய படம் பாதிரியாரிடம் திரும்பிப் போனது. அதைத் தருவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். ஓடையின் இரண்டு பக்கமும் நிறங்கள் அப்படியேதான் இருந்தன. வரைந்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பத்து வருடம் கழித்து, இப்போதைய நிலை: நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே சொந்தமாகப் பிளான் போட்டுக் கொடுக்கிறேன். கிழக்குச் சுவர் நிற்கிறது. சுவர் கட்டிய பிறகு வந்த மூன்றாவது மழைக்காலத்தில் டீச்சரின் கணவர் இறந்தார், சுவரோரம் இருக்கிறார். டீச்சர் சபை மாறவில்லை. மனு மேல் மனு கொடுத்துவருகிறார். கமிட்டி எழுத்தில் எதுவும் தரவில்லை. கான்ட்ராக்டர் இப்போது கமிட்டித் தலைவர். டீச்சரின் கணவருக்குப் பக்கத்து இடத்தை யாருக்கும் ஒதுக்காமல் விட்டிருக்கிறார். கேட்டால், அங்கே தரை இளக்கம் என்கிறார்.