பங்கஜவல்லி வீட்டு முட்டைச் சட்டி

பங்கஜவல்லியின் வீட்டில் முட்டைக்கென்று தனியாக ஒரு சட்டி இருந்தது. வீட்டில் இருந்தது என்று சொல்வதுகூடத் தப்பு, கொல்லையில் இருந்தது. குளியலறைச் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் பிடி வைத்த அலுமினியச் சட்டி, அதற்கென்று ஒரு கரண்டி, ஒரு தட்டு, தேய்க்கத் தனி நார். கீழே தகரக் கூரைக்கு அடியில் ஒற்றை அடுப்பும் சின்ன சிலிண்டரும். தலத்தெருவில் சைவக் குடும்பங்கள் பல உண்டு. அவற்றில் முட்டை நுழைந்த குடும்பங்களும் உண்டு. ஆனால் முட்டைக்கு இப்படித் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தது இந்த ஒரு வீடுதான்.

பையன் ஹரிஹரன் சின்ன வயதில் நோஞ்சானாக இருந்தான். முட்டை கொடுத்தால்தான் தேறுவான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பங்கஜவல்லி இரண்டு நாள் அழுதாள். பிறகு பிள்ளைதான் பெரிது என்று சட்டியை வாங்கிவரச் சொன்னாள். பிள்ளை தனியாகச் சாப்பிட்டால் ஏங்கிப் போய்விடும் என்று கணவர் தெட்சிணாமூர்த்தி துணைக்கு உட்கார்ந்தார். பிள்ளை தேறி எழுந்துவிட்டான். துணைக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேரியில் மின்துறை வேலையில் இருந்தபோதே, மெஸ்ஸில் ஆம்லெட்டுக்கு நாக்கைக் கொடுத்துவிட்டார் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அன்றைக்குப் போட்டாள் சட்டம்.

"முட்டை தின்ன வாயோட அன்னிக்கு அடுப்படி நிலைப்படியைத் தாண்டக் கூடாது. மறுநாள் தலைக்குக் குளிச்சிட்டு வந்தாதான் உள்ள. சொல்லிட்டேன்."

தெட்சிணாமூர்த்தி சாதுவான மனிதர். சட்டத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஆனால் காலையில் குளித்து முடித்த ஈரத்தலையோடு அவர் முதலில் செய்கிற காரியம் முட்டை உடைப்பது. ஆக, உள்ளே போகலாம் என்ற உரிமை அவருக்குத் தினமும் கிடைத்தது. தலை துவட்டும் நேரத்தில் தினமும் போனது. சாப்பாடு அடுப்படியில்தான் என்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் அவருக்கு மட்டும் தகரக் கூரைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று பங்கஜவல்லி தட்டை நீட்டுவாள், அந்தப் பக்கம் நின்று அவர் வாங்கிக்கொள்வார். ஐப்பசி மழையில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாக அவர் ஆம்லெட் திருப்புவதைத் தெருவே பார்த்திருக்கிறது. ஹரிஹரனுக்கு இந்தத் தொல்லை இல்லை. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை கிடைத்த பிறகு வெளியிலேயே சாப்பிட்டுக்கொண்டான். நிலக்கரித் தூசியோடு என்னென்ன உள்ளே போயிற்று என்று அம்மா கேட்டதும் இல்லை, அவன் சொன்னதும் இல்லை.

இப்படியே இருபத்தைந்து வருஷம் ஓடியது. பங்கஜவல்லியின் அடுப்படி என்றால் தெருவில் ஒரு மதிப்பு. மாங்கனித் திருவிழாவில் தெருப் பெண்கள் சேர்ந்து அம்மையாருக்குப் படைக்கிற அமுது அவளுடைய அடுப்பில்தான் ஆகும். "பங்கஜத்தோட அடுப்படின்னா கண்ணை மூடிக்கிட்டுப் படைக்கலாம்" என்பார்கள். அதைக் கேட்கும்போது அவளுக்கு நாலு வளையல் புதிதாகப் போட்டதுபோல் இருக்கும்.

போன மாசியில் கோயில் வரிசையில் நின்றவள் மயங்கி விழுந்தாள். டாக்டர் சந்திரலேகா இரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"உடம்புல சத்தே இல்லம்மா. தினம் ரெண்டு முட்டை சாப்பிடுங்க."

"பயறு சாப்பிடறேன் டாக்டர். பால் குடிக்கிறேன்."

"அதையும் சாப்பிடுங்க. முட்டையும் சாப்பிடுங்க. ஏன், உங்க வீட்ல யாரும் முட்டை சாப்பிட மாட்டாங்களா?"

எல்லாரும் சாப்பிடுவார்கள் என்ற பதில் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். வீட்டில் வந்து, சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். அடுத்த வாரமே, யாரும் இல்லாத நேரத்தில், அடுப்படியிலேயே மறுபடி கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சாகப் பயமாக இருந்தது.

முட்டையை எப்படியாவது விழுங்கிவிடலாம், மருந்து என்று நினைத்தால் வேப்பெண்ணெய்கூட இறங்கும். சிக்கல் அதில் இல்லை, சட்டத்தில் இருந்தது. முட்டை தின்றால் அன்றைக்கு அடுப்படி கிடையாது. தினமும் தின்றால் தினமும் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்த ஒரே அதிகாரம் அந்த அடுப்படி. அதிலிருந்து அவளை வெளியேற்ற மாமியாராலும் முடியவில்லை. இப்போது இரண்டு முட்டை வெளியேற்றப் பார்த்தது.

பக்கத்து வீட்டில் ஹஃப்ஸா. கணவன் அஜ்மீர் துபாயில் இருக்க, பிள்ளைகளோடு இங்கே இருந்தாள். மதிலோரம் நின்று பங்கஜவல்லி விஷயத்தைக் காதோடு சொன்னபோது, ஹஃப்ஸா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அவிச்சுத் தாறது ஒரு வேலையாக்கா? ஆனா எங்கூட்டுச் சட்டி எல்லாத்துலயும் கறி, மீனு பட்டிருக்கு. அதுல அவிச்சு உங்களுக்குத் தந்தா அந்தப் பாவம் எனக்குல்ல வரும்?"

மறுநாளே கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாக ஒரு எவர்சில்வர் சட்டி வாங்கி வந்தாள்.

"பாருங்கக்கா, இதுல வேற ஒண்ணும் படாது. சுத்த சைவமா அவிச்சுத் தாறேன்."

பங்கஜவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு பார்க்க மாட்டாள் என்று நினைத்தாள். சுத்த சைவ முட்டை என்று ஒன்று உலகத்தில் உண்டா என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அதன்பிறகு தினமும் தெட்சிணாமூர்த்தி பேப்பரோடு வாசலுக்குப் போனதும் மதிலுக்கு அப்பாலிருந்து "அக்கா, மருந்து!" என்று குரல் வரும். முதல் நாள் கண்ணை மூடி, சிவசிவா என்று சொல்லி விழுங்கினாள். ஒரு வாரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிட்டாள். ஒரு மாதத்தில், மிளகுத்தூள் இன்னும் கொஞ்சம் போடலாம் என்றாள். வாயைக் கொப்பளித்துவிட்டு நேராக அடுப்படிக்குத்தான் போனாள். முதல் தடவை நிலைப்படியில் கால் கூசியது. பிறகு அதுவும் கூசவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுக்கவில்லை, முன்னைவிடக் கடுகடுத்தது. ஒருநாள் தெட்சிணாமூர்த்தி உப்புக்காகக் கையை உள்ளே நீட்டியதில் கால் கட்டைவிரல் நிலைப்படிக்கு மேல் வந்துவிட்டது.

"காலை எடுங்க! உப்பு வேணும்னா கேக்க வாயில்ல? அம்மையாருக்குப் படைக்கிற அடுப்படி இது."

அவர் காலை எடுத்துக்கொண்டார்.

ஆனி பிறந்தது. அஜ்மீர் திடீரென்று விசா அனுப்பிவிட்டான். திருச்சியில் விமானம் ஏற, ஹஃப்ஸா வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. பங்கஜவல்லி கோயிலுக்குப் போயிருந்தாள். ஹஃப்ஸா கொல்லைக் கதவைத் தட்டி, மல்லிகைப்பூக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் சட்டியைத் தெட்சிணாமூர்த்தியிடம் நீட்டினாள்.

"அண்ணே, அக்காவோட முட்டைச் சட்டி. நான் வர ரெண்டு மாசம் ஆகும். காலையில மறக்காம ரெண்டு அவிச்சுக் குடுத்துருங்க."

"யாரு அக்காவுக்கும்மா?"

"நம்ம பங்கஜக்காவுக்குத்தான். ஒண்ணு மட்டும் பாத்துக்கங்கண்ணே. உங்க முட்டையை இதுல போட்டுராதீங்க. அக்கா ரொம்ப சுத்தம் பாப்பாங்க."

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஹஃப்ஸாவுக்கு உறைத்தது.

"அல்லாவே! உங்களுக்குத் தெரியாதா?"

வேன் ஆரன் அடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

தெட்சிணாமூர்த்தி சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் ஆத்திரம் வந்தது. இருபத்தைந்து வருஷமாகக் கேட்காத கேள்விகள் எல்லாம் வரிசை கட்டி நின்றன. எதை முதலில் கேட்பது என்று அடுக்கிக்கொண்டே இருந்தார். இது ஒரு மாம்பழத்துக்காகப் புருஷன் கணக்குக் கேட்ட ஊர். அம்மையாருக்காவது கேட்டதும் சிவன் இன்னொரு பழம் கொடுத்தார். முட்டை விஷயத்தில் சிவன் தலையிடுவார் என்று பங்கஜவல்லி எதிர்பார்க்க முடியாது.

விபூதித் தட்டோடு கொல்லைப் பக்கம் வந்தவள் அவர் மடியைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"டாக்டர் சொன்னாங்க" என்றாள்.

"எப்ப?"

"மாசியில. அப்பறம் ஒரு தடவ அடுப்படியிலயும் மயக்கம் வந்துச்சு. யாரும் இல்ல."

அடுக்கி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் சரிந்துவிட்டன.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பங்கஜம்?"

"சொன்னா நானும் இங்க வந்துல்ல உக்காரணும்? அப்பறம் யாரு சமைக்கிறது? யாரு வெளக்கேத்துறது?"

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். சட்டப்படி பார்த்தால் அந்த வீட்டு அடுப்படிக்குள் போகத் தகுதியுள்ள மனிதப்பிறவி இப்போது யாரும் இல்லை. அம்மையாருக்கு அமுது ஆக்க வேண்டிய மாதத்தில் பூனையைத்தான் அனுப்ப வேண்டும்.

பங்கஜவல்லி அதற்குமேல் இழுக்கவில்லை. சட்டம் போட்டவளே சட்டத்தை எடுத்தாள்.

"இனிமே அதெல்லாம் ஒண்ணும் வேணாங்க. எல்லாரும் உள்ள வரலாம். வாங்க, சாப்பிடலாம்."

உள்ளே இலை போட்டாள். பக்கத்தில் தண்ணீர் வைத்தாள். தப்பிவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அவரும் தப்பிவிட்டார், இனி எல்லாம் நன்றாக இருக்கும் என்று நம்பினாள்.

தெட்சிணாமூர்த்தி நிலைப்படி வரை வந்தார். வந்தவர் அங்கேயே நின்று, தெரியாதவர் வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தார்.

"கதவுக்குப் பின்னால அந்த அலமாரி எப்ப வந்துச்சு?"

"அதுவா? ஹரி காலேஜ்ல சேந்தப்ப."

"ஓ" என்றார். "எனக்கு அங்கயே தட்டுல குடுத்துரு பங்கஜம். இங்க எங்க உக்காரறது, எங்க கையை வைக்கிறதுன்னு ஒண்ணும் தெரியல."

குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

பங்கஜவல்லி இலைக்கு முன்னால் நின்றாள். நாலு மாதமாக எதை இழந்துவிடுவோமோ என்று நடுங்கினாளோ, அந்த அடுப்படி முழுதாக அவளிடமே இருந்தது. வேறு ஒருவரும் வராத அளவுக்கு முழுதாக இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு தட்டுகளில் சோறு போட்டு, கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு நாற்காலிதான் இருந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"கோவமா?" என்றாள்.

"கோவமெல்லாம் ஆரம்பத்துல இருந்துச்சு." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அப்பறம் பழகிருச்சு."

கோபம் என்றிருந்தால் அழுதாவது சமாதானம் செய்திருப்பாள். அவர் தட்டைப் பார்த்தாள்.

"கொழம்பு ஊத்தட்டுமா?"

"ம்."

குழம்பு உள்ளே இருந்தது. அவள்தான் எழுந்து போக வேண்டியிருந்தது.