தம்புசாமி தலையசைத்தார்

எந்தக் கேள்விக்கும் வாய் திறக்குமுன் ரமணியின் கண் ஒருமுறை இடப்பக்கம் போய்வரும். அங்கே கணவர் தம்புசாமி இருப்பார். மீன்காரன் விலை சொன்னாலும் சரி, சம்பந்தி வீட்டார் தேதி கேட்டாலும் சரி, அவர் லேசாகத் தலையசைத்தால்தான் அவளுக்கு நாக்கு புரளும். பக்கவாதம் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பேச்சையும் பறித்துக்கொண்ட பிறகும் அந்தக் கண் போவதை நிறுத்தவில்லை; வெறுமனே திரும்பி வந்தது.

ரமணி காப்பாரிலிருந்து கிள்ளானுக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறவள். வேனில் வானொலி ஓயாது. காதில் விழுந்தது எதுவும் அவளுக்கு மறக்காது. தொலைக்காட்சிப் பொது அறிவுப் போட்டிக்குப் பக்கத்து வீட்டுத் தாமரைதான் அவள் பெயரைக் கொடுத்தாள். பரிசு ஐம்பதாயிரம் ரிங்கிட். இந்த வருடமே விடாமல் பயிற்சி கொடுத்தால் தம்புசாமி எழுந்து நடப்பார், தள்ளிப்போட்டால் பலன் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் ரமணி போனாள்.

பிரிக்பீல்ட்ஸ் அரங்கில் கடைசிக் கேள்வி: நாட்டின் முதல் ரயில் எந்த இரண்டு ஊர்களுக்கு இடையே ஓடியது? ரமணிக்கு விடை தெரியும். தெரிந்தும் கண் இடப்பக்கம் போயிற்று. பார்வையாளர் வரிசை ஓரத்தில் தம்புசாமியின் தலை மெல்லத் தாழ்ந்தது.

"தைப்பிங், போர்ட் வெல்ட்."

வண்ணக் காகிதம் கொட்டியது. வெளியே வந்தபோது ஒருவர் இதமாகக் கை கூப்பினார்.

"வாழ்த்துகள் அக்கா. சொல்றதுக்கு முன்ன அந்தப் பக்கம் பாத்தீங்களே, யாரு அங்க?"

"என் வீட்டுக்காரரு அண்ணே. ரயில்வேல இருந்தவரு. ஒரு வருஷமா ஒரு அசைவு இல்ல. இன்னிக்குத் தலைய ஆட்டுனாரு. அதப் பாத்துட்டுதான் சொன்னேன்."

"இன்னொரு தரம் சொல்லுங்க அக்கா." அவர் கைப்பேசியை நீட்டினார். ரமணி சந்தோஷமாக மறுபடியும் சொன்னாள்.

பரிசு வரவில்லை. நிகழ்ச்சியில் வேலை செய்யும் பிரவின்தான் கடைசியில் சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்துச் சொன்னான்.

"அவ்ளோ காசு எங்ககிட்ட ஏது அக்கா? விளம்பரக் காசு செட்டுக்கும் சம்பளத்துக்குமே பத்தல. பெரிய பரிசுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிதான். யாராச்சும் ஜெயிச்சா அவங்க கட்டணும். அன்னிக்கு உங்ககிட்ட பேசுனவரு அவங்க ஆளு. வெளிய இருந்து சைகை வந்தா காசு இல்ல லா."

"எனக்கே தெரியும் தம்பி. அவரு சொல்லித் தரல."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அவரு தலைய ஆட்டவே இல்ல, சும்மா சொன்னேன்னு மாத்திச் சொல்லுங்க. நான் மேல பேசிப் பாக்குறேன்."

ரமணியின் கண் இடப்பக்கம் போனது. காலி நாற்காலி.

"ஆட்டுனாரே தம்பி. அத எப்படி இல்லங்கறது?"

பணம் போன காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தலையசைத்ததை மட்டும் எல்லாரிடமும் சொன்னாள். பயிற்சி இல்லாமல் தம்புசாமியின் கைகால் மடங்கியபடியே இறுகின. மறு வருடம் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி அன்று சமையற்கட்டில், ரமணிக்குக் கேட்காதபடி தாமரை மற்றப் பெண்களிடம் சொன்னாள்: போட்டியன்று அரங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தாமரைதான். காலையில் கொடுத்த மாத்திரையில் அவர் முதல் கேள்விக்கு முன்பே தூங்கிப்போயிருந்தார்.