மன்னூபியா சித்தியின் மொட்டை மாடி

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் தொடங்கும் முன்பே மன்னூபியா சித்தி மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். கொடியில் காயும் துணிகளை எடுத்து மடிப்பார். மிளகாய்ச் சரங்களைக் கழற்றி உள்ளே மாட்டுவார். கோழிக்கூண்டை மூலைக்குத் தள்ளுவார். பிறகு கைப்பிடிச் சுவரை ஒட்டி, பக்கத்து மைதானத்தின் தெற்குக் கோல் கம்பத்துக்கு நேராக நின்றுகொள்வார். உட்கார மாட்டார். "உக்காந்தா எந்திரிக்க நேரமாகும்" என்பார்.

பிர் அல்மாஸ் ஊரின் கால்பந்துக் குழுவுக்கு நஜ்ம் என்று பெயர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ரயில்வே கூலிகளும் ஆலிவ் செக்கில் வேலை பார்த்தவர்களும் சேர்ந்து தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற பிறகு மைதானத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். மூன்று பக்கம் ஆளுயரத்துக்கு மேல் போன மதில், சித்தியின் வீட்டுப் பக்கம் வந்தபோது செங்கல் தீர்ந்து இடுப்பளவில் நின்றுவிட்டது. மீதியை அடுத்த வருடம் கட்டுவதாகக் குழுத் தலைவர் சொன்னார். அவருக்குப் பின் வந்த தலைவர்களும் அதையே சொன்னார்கள்.

அதனால் பந்து மாடிக்கு வரும். வந்தது இரண்டாம் முறை துள்ளுவதற்குள் சித்தி அதைத் திருப்பி எறிந்துவிடுவார். நஜ்ம் தோற்றுக்கொண்டிருக்கும்போதுதான் இந்த வேகம். ஜெயித்துக்கொண்டிருந்தால் அவருக்கு முழங்கால் வலி வந்துவிடும். சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார். பந்தைக் கையில் எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைப்பார். ஒருமுறை வெளியூர் நடுவர் பொறுமையிழந்து மாடியைப் பார்த்து மஞ்சள் அட்டையைத் தூக்கிவிட்டார்.

"என்னம்மா, வேணும்னே நேரத்தக் கடத்துறியா?"

"கையில என்ன மகனே அது? கண்ணு சரியாத் தெரியல, கொஞ்சம் மேல ஏறி வந்து காட்டேன்!"

மைதானம் சிரித்து அடங்க இன்னும் இரண்டு நிமிடம் ஆயிற்று. நஜ்ம் அன்று ஜெயித்தது.

ஆனால் அதே மைதானம் அவரைக் கேலி செய்யவும் தவறியதில்லை. "நம்ம இரண்டாம் பிரிவு எங்கடா?" என்று காப்பிக்கடையில் ஒருவன் கேட்பான். "மன்னூபியா சித்தியோட சல்லடைக்கு அடியில!" என்று நாலு பேர் சொல்வார்கள். சித்தியும் விடமாட்டார். "உங்க ஆளுங்க நேரா உதைக்கத் தெரிஞ்சவங்களா இருந்தா பந்து ஏன்டா என் வீட்டுக்கு வருது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போவார். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்காது.

நடந்தது இதுதான். ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முன்பு, மகள் ஹெனியாவின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. தெருப் பெண்கள் கூடி, ரவையைத் தண்ணீர் தெளித்து உருட்டி, கல்யாண விருந்துக்கான கூஸ்கூஸைத் தயார் செய்து, மாடி முழுக்க வெள்ளை விரிப்புகளில் காயவைத்திருந்தார்கள். கீழே நஜ்ம் தன் வாழ்நாளின் பெரிய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. ஜெயித்தால் மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு ஏறலாம். ஒரு கோல் முன்னிலை வேறு. சொந்த மண்ணில் ஆடும் குழுதான் பந்து தர வேண்டும் என்பது விதி. நஜ்மிடம் இருந்தவை மூன்று. ஒன்று சப்பாத்திக்கள்ளி வேலியில் குத்தி வெடித்தது. இன்னொன்று மதிலைத் தாண்டி, அந்த நேரம் பார்த்துப் பாஸ்பேட் தாது ஏற்றிப் போன சரக்கு ரயிலில் விழுந்து துறைமுகத்துக்கே போய்விட்டது. மூன்றாவது, சேறும் சாணியுமாக, கல்யாணக் கூஸ்கூஸின் நடுவில் வந்து விழுந்தது.

ஆட்டத்தில் அணித் தலைவனாக இருந்த ஷெத்லி ஆணி வைத்த பூட்ஸோடு ஓடிவந்து கதவைத் தட்டினான்.

"சித்தி, பந்தக் குடுங்க! இதான் கடைசிப் பந்து!"

"போன வாரமும் கடைசிப் பந்துதான்! அதுக்கு முந்தின வாரமும் கடைசிப் பந்துதான்! வேற பொய் கத்துக்கிட்டு வாடா!"

உண்மையில் ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சித்தி பெரிய சல்லடையைப் பந்தின் மேல் கவிழ்த்து, அதன் மேல் அம்மிக்கல்லை வைத்தார். எதிரணி தன் பந்துகளைப் பைக்குள் போட்டு வாயை இறுகக் கட்டிக்கொண்டது. நடுவர் காத்துப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஊதினார். நஜ்ம் தோற்றதாக அறிவிப்பு வந்தது. தெருவில் பெரிய பெரிய ஆண்கள் அழும் சத்தம் கேட்ட பிறகுதான் சித்தி சல்லடையைத் தூக்கினார்.

கதவைத் திறந்தபோது ஷெத்லி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். பந்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"பரவால்ல சித்தி. ரவை ரொம்பப் பாழாயிடுச்சா?"

அவ்வளவுதான் கேட்டான். கல்யாணத்துக்குத் தெரு ஆண்கள் வரவில்லை. ஷெத்லி வந்தான். இரண்டு தட்டு சாப்பிட்டான். அடுத்த குளிர்காலத்தில் அவன் முழங்கால் போயிற்று. நஜ்ம் அந்தப் படியை மறுபடி எட்டவே இல்லை. ஹெனியாவின் மூத்த மகனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது. சித்தி அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு கூஸ்கூஸை மாடியில் காயவைத்ததில்லை. உள்ளறையில், மின்விசிறிக்கு அடியில்தான்.

ஷெத்லி இப்போது மைதானத்து வாசலில் லப்லாபி விற்கிறான். கிண்ணத்தில் பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, அதன் மேல் கொதிக்கும் கொண்டைக்கடலைச் சாறும் சீரகமும் மிளகாய் விழுதும் போட்டுத் தருவான். தினமும் காலையில் சித்தி அங்கேதான் சாப்பிடுகிறார். அவருடைய கிண்ணத்தில் கேட்காமலே ஒரு முட்டை கூடுதலாக விழும். ஊரே கேலி செய்கிற அந்தக் கதையைப் பற்றி அவன் மட்டும் வாய் திறந்ததில்லை. சித்திக்கு அதுதான் தொண்டையில் சிக்கிய முள்.

இந்த வசந்தத்தோடு பழைய மைதானம் முடிந்தது. நெடுஞ்சாலைக்கு அப்பால் பச்சைக் கம்பளமாகச் செயற்கைப் புல் விரித்த புது மைதானம் தயார். பனைமரத்து உயரத்துக்கு வலை கட்டியிருக்கிறார்கள். அங்கே பந்து எந்த வீட்டுக்கும் போகாது. கடைசி ஞாயிறன்று ஆட்டம் முழுக்கச் சித்தி நின்றார். ஒரு பந்துகூட மாடிக்கு வரவில்லை.

மறுநாள் காலை ஷெத்லியின் கடையில் அவர் கரண்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"டேய் ஷெத்லி."

"சொல்லுங்க சித்தி."

"மைதானமும் போச்சு. இனியாவது என்னை ஒரு தடவை திட்டிடேன்டா."

அவன் அடுப்பைத் தணித்தான். பிறகு முட்டையை உடைத்து அவர் கிண்ணத்தில் ஊற்றினான்.

"சாப்பிடுங்க சித்தி. ஆறிடும்."

அடுத்த ஞாயிறு நஜ்ம் நெடுஞ்சாலைக்கு அப்பால் ஆடியது. தெருவில் ஒரு ஆண் பிள்ளை இல்லை. மன்னூபியா சித்தி வழக்கமான நேரத்துக்கு மாடி ஏறினார். துணிகளைத் தொடவில்லை, மிளகாயைத் தொடவில்லை. கீழேயிருந்து வெள்ளை விரிப்பையும் காலையில் உருட்டிய கூஸ்கூஸையும் கொண்டுவந்தார். மாடி முழுக்க இடம் கிடந்தது. அவர் விரிப்பை இழுத்துக்கொண்டே போய், காலியாகக் கிடந்த தெற்குக் கோலுக்கு நேராக, முன்பு பந்து வந்து விழுகிற இடத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போட்டார். ரவையை உள்ளங்கையால் மெல்லப் பரப்பினார். பிறகு பக்கத்திலேயே, உட்காராமல், நின்றுகொண்டார்.