தாலித்தட்டும் எம்.எல்.ஏ. அம்மாவும்

வீட்டுக்காரர் எம்.எல்.ஏ.வா இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். இடைத்தேர்தல்ல என்னை நிறுத்தினாங்க, ஜெயிச்சுட்டேன். சட்டசபை பழகிடுச்சு. ஆனா முகூர்த்த நாள் மட்டும் பழகவே இல்ல.

தொகுதியில அத்தனை பேரும் பத்திரிகை வெச்சிருவாங்க. போகலைன்னா கோவிச்சுக்குவாங்க. போனாலோ, தாலித்தட்டு ஆசீர்வாதத்துக்கு ஒவ்வொருத்தர்கிட்டயா வரும். எனக்கு முன்னால வந்ததும் தட்டு வெச்சிருக்கறவங்க நின்னுடுவாங்க. எம்.எல்.ஏ.வைத் தாண்டியும் போக முடியாது, புருஷன் இல்லாதவளத் தொட விடவும் மனசு வராது. பாவம், திருதிருன்னு முழிப்பாங்க.

அதனால தாலி ஏறின பிறகுதான் எந்தக் கல்யாணத்துக்கும் போறதுன்னு வெச்சுக்கிட்டேன். மண்டபத்துக்கு எதிர்ல டீ குடிச்சுக்கிட்டு, கெட்டிமேளம் கேட்டதும் உள்ள நுழைவேன். "அரசியல்வாதின்னா லேட்டுதானுங்களே"ன்னு சிரிப்பாங்க. மந்திரியையே மடக்கிக் கேள்வி கேக்கறவ, டீக்கடையில ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன். எனக்கே என் மேல கடுப்புதான்.

ஒரு ஆவணியில ராசிபுரத்துல ஒரு கல்யாணம். ரெண்டாவது டீயும் தீர்ந்துச்சு, மேளத்தைக் காணோம். பொண்ணோட சித்தப்பா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"ஏனுங்கம்மா, உள்ள வாங்க! நீங்க வந்தாத்தான் கழுத்த நீட்டுவேன்னு புள்ள அடம் புடிக்குதுங்க!"

போனேன். பொண்ணு என்னைக் குனிய வெச்சுக் காதுல சொன்னா: "எங்கம்மாவும் உங்களாட்டந்தானுங்க. சமையக்கட்டுப் பக்கமே நிக்குது, மணவறைக்கு வரமாட்டேங்குது. எம்.எல்.ஏ. நீங்களே தொட்டுட்டா, அம்மாவ யாரு தடுப்பாங்க?"

அடி கெட்டிக்காரி! எங்க கட்சியில ஒருத்தருக்கும் இந்த மூளை கிடையாது.

தட்டை வாங்கித் தாலியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். மாப்பிள்ளையோட பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சும்மா இருங்க பெரியப்பா"ன்னு மாப்பிள்ளையே அடக்கிட்டான். நல்ல பையன். தட்டோட நேரா சமையக்கட்டுக்கு நடந்தேன்.

"வேண்டாஞ் சாமி, வேண்டாம்"னு பொண்ணோட அம்மா பின்வாங்கிக்கிட்டே போச்சு. நான் விடுவேனா? கையப் புடிச்சுத் தாலி மேல வெச்சேன். வெச்ச கைய அந்தம்மா எடுக்கவே இல்ல. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.

கல்யாணத்த நடத்தி வைக்கற அருமைக்காரர் மணவறையில இருந்து சத்தம் போட்டார். "நல்ல நேரம் போகுதுங்க! தட்டைக் குடுத்தனுப்புங்க!"

"சித்த இருங்க"ன்னுச்சு அந்தம்மா. "எம் புள்ள தாலி. நல்லாப் பாத்துக்கறேன்."